ஆலாப்பாறையில் ஒண்ணுமில்ல

விடிந்ததும் செல்பினுக்கு முதல் வேலை, வயிற்றால் ஊர்ந்து ஆலாப்பாறையின் விளிம்புக்குப் போய்த் தலையை நீட்டுவது. கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. அதன் வெடிப்புகளில் எல்லாம் ஆலாப் பறவைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. மீன்சந்தை தோற்றுப்போகும் இரைச்சல். அவளிடம் தொலைநோக்கி உண்டு. கேமரா கிடையாது.

கேமராவை யார் நம்புகிறார்கள்? எந்தப் படத்தையும் எந்திரமே வரைந்து தள்ளும் என்றான பிறகு, நீதிமன்றங்கள் படங்களைக் குப்பையில் போட்டுவிட்டன. மனிதக் கண் பார்த்து, மனித வாய் சொன்னால்தான் சாட்சி. அதற்காகத்தான் செல்பினின் தொண்டைக்குழியில் அந்தச் சாட்சிமணி. தொட்டால் பச்சையாக எரியும். உண்டு, இல்லை என்று அவள் சொல்லும் முதல் சொல்லைச் சாட்சியாகப் பதிந்துகொண்டு அணைந்துவிடும்.

உயிருள்ள குஞ்சு ஒன்றைக் கண்டதாகச் சொன்னால் பாறை பிழைக்கும். இல்லையென்றால் அதை உடைத்துக் கடற்சுவருக்குக் கல்லாக்கிவிடுவார்கள். முட்டை செல்லாது. கெடு இன்றோடு முடிகிறது.

மணியைத் தொட்டாள். தொலைநோக்கியைத் திருப்பினாள்.

கடலிலிருந்து ஓர் ஆலா மீனோடு வந்தது. வெடிப்புக்குள் பஞ்சுருண்டை ஒன்று அசைந்தது. வாயைப் பிளந்தது. குஞ்சு! செல்பின் சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன மைனி, வல்லதும் உண்டா?"

கீழே வள்ளத்தில் ஜெர்பின். அவள் கணவனின் தம்பி. கட்டன்சாயா பிளாஸ்கைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"ஒண்ணுமில்லடே!" என்றாள்.

வள்ளம் நிறைய மீனோடு வந்தாலும், கரையில் 'வல்லதும் கெடச்சுதா' என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உண்டு என்றால் கண்ணுபட்டுவிடும். பிறந்தது முதல் நாக்கில் ஊறிய சொல்.

மணி அணைந்தது. "சாட்சி ஏற்கப்பட்டது," என்றது அதிலிருந்து ஒரு குரல்.

பதறிப்போய்ச் சாட்சி நிலையத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அதிகாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"கண்ணேறுன்னு எல்லாம் சட்டத்துல இல்லம்மா. மாத்திச் சொல்லலாம், தடையில்ல. ஆனா பொய்ச்சாட்சின்னு உங்க பேர்ல விழுந்துரும். அப்புறம் நீங்க முன்னாடி சொன்ன எந்தச் சாட்சியும் நிக்காது. போன வருஷம் ஒரு வழக்குல சொல்லியிருக்கீங்க போல?"

சொல்லியிருக்கிறாள். இதே விளிம்பிலிருந்துதான். எதிரே கடலில், வள்ளத்திலிருந்து ஜெர்பினின் கூட்டாளி விழுந்து செத்தபோது, தள்ளியது ஜெர்பின் என்றார்கள். தள்ளவில்லை, அலை அடித்தது என்று கண்ட ஒரே கண் செல்பினுடையது. அந்தச் சொல் இல்லையென்றால் அவனுக்கு ஆயுள்சிறை.

"மைனி! சாயா ஆறிப்போவுது! அங்க யாரு கூட கொஞ்சிட்டிருக்கியோ?"

செல்பின் குஞ்சைப் பார்த்தாள். வள்ளத்தைப் பார்த்தாள்.

"மாத்தணுமாம்மா?"

"வேண்டாம் சார். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

மதியத்துக்குள் பாறைபிளப்பி எந்திரங்கள் பறந்து வந்து இறங்கின. கடற்கரை கிடுகிடுத்தது. பிறகு புழுதி. புழுதி அடங்கியபோது அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

வள்ளத்தில் இருவரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆலாக்கள் கத்திக்கொண்டே, இல்லாத பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று மட்டும் கத்தவில்லை. அதன் அலகில் மீன் இருந்தது.

ஜெர்பின் துடுப்பை நிறுத்தினான். கடல்காரன் கண்ணுக்கு அது போதும்.

"மீனைத் திங்காம கொண்டு அலையுதே. குஞ்சு வல்லதும் உண்டாயிருந்துதா மைனி?"

செல்பினின் விரல் தொண்டைக்குழிக்குப் போனது. மணி அணைந்துதான் கிடந்தது. எந்த அரசும் கேட்கவில்லை. உண்டு என்று இப்போது சொல்லிவிடலாம். சொன்னால், யாருக்காக மறைத்தாள் என்று அவன் கேட்பான். அதற்குப் பிறகு அந்தப் பறவையை அவனும் சாகும்வரை சுமப்பான்.

"ஒண்ணுமில்லடே," என்றாள். "நீ துடுப்பைப் போடு."