கட்டை பிடிக்கும் கை

சுத்தியல் தகட்டில் பட்டதும் 'ணங்' என்று கேட்டது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

உள்பக்கம் யாராவது இரும்புக்கட்டையை அணைத்துப் பிடித்திருந்தால்தான் வெளியே விழும் அடி மணி மாதிரித் திரும்பும். பிடிக்க ஆளில்லாவிட்டால் 'தொப்' என்று தகடு குழைந்து அடங்கிவிடும். கார்களுக்குத் தகடு தட்டியே தலை நரைத்தவருக்கு இதில் சந்தேகமே வராது. அவர் திரும்பிப் பார்த்தார். கட்டை அவருக்குப் பின்னால் மேசைமேல், உப்புத்தாள் துண்டுகளுக்கு நடுவே கிடந்தது.

தகரக் கூரையில் மழை தானியம் கொட்டுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய பெட்ரோல், நனைந்த இருக்கைப் பஞ்சு, கருகிய பெயின்ட் எல்லாம் கலந்த ஈர வாடை பட்டறை முழுக்கத் தேங்கி நின்றது. ஒற்றை விளக்கின் கீழே அந்தக் கார் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. சரிசெய்யக் கொடுத்திருந்த டாக்டரம்மாவின் அப்பா ஓட்டிய வண்டி அது. ஏதோ கொட்டகையில் பல வருஷம் மறந்து கிடந்ததில் பெயின்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் விளக்கு வெளிச்சம் போகவில்லை.

மறுபடி ஓங்கினார். ணங்.

சுத்தியலை இறக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைக்கு நடுவே, தகட்டின் உள்ளேயிருந்து, மெதுவாக வந்தது.

டொக். டொக்.

அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அது தம்பியின் பாஷை. உள்ளே கைவிட்டுக் கட்டை பிடிப்பது எப்போதும் தம்பியின் வேலை. தகடு சமமானதும் உள்ளிருந்து இருமுறை தட்டுவான்; சுத்தியல் அடுத்த இடத்துக்கு நகரும். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே தொண்டை கிழியக் கத்த வேண்டாம் என்று இருவரும் பழகிக்கொண்ட வழக்கம். தகடு வெட்டும் கத்தரி வலக்கை ஆள்காட்டி விரலில் பாதியை வாங்கிக்கொண்ட பிறகும் அந்த வேலையை அவன் விடவில்லை. "கையுறை தைக்கிறவனுக்கு என்னால துணி மிச்சம்ணே" என்று சிரிப்பான். போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, இரண்டு வாரம் இழுத்துப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அண்ணன் ஒண்டிக்கட்டை. பட்டறையிலேயே சமையல், பட்டறையிலேயே தூக்கம்.

"வந்துட்டியாடா?" என்று தகட்டைப் பார்த்துக் கேட்டார். தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

டொக். டொக்.

பயம் எவ்வளவு நேரம் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தது, பிறகு பசி எடுத்தவன் முன்னால் இலை போட்டதுபோல் எல்லாம் மறந்துபோனது. சுத்தியலை எடுத்து அடுத்த இடத்தில் அடித்தார். ணங் என்றது. உலகத்திலேயே இனிமையான சத்தம்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஆனால் அந்தக் கை வந்துவிடும். மழை விட்டதை, அரிசி தீர்ந்ததை, தங்கச்சி ஃபோனில் திட்டியதை எல்லாம் சொல்லிக்கொண்டே தட்டினார். தகடு கண்ணாடி மாதிரி வழவழத்தது. துரு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள், பின்சக்கரத்து ஓட்டை தவிர, தீர்ந்தேபோனது.

வேலை தீர்ந்தால் வண்டி போய்விடும். வண்டி போனால்?

அவர் நல்ல தகட்டை வெட்டினார். தொழில் கற்ற நாளிலிருந்து செய்யாத பாவம். கதவின் அடியில் ஒரு துண்டு, மறுநாள் மட்கார்டில் ஒரு துண்டு. வெட்டிவிட்டு ஒட்டினார், ஒட்டிவிட்டுத் தட்டினார். உள்ளே கை பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தது ஒரு மங்கிய மாலையில்.

"என்ன டிங்கரே, போன தடவை இந்தக் கதவு நல்லாத்தானே இருந்துச்சு?"

"உள்ளே துரும்மா. வெளியே தெரியாது. யானை தின்ன விளாம்பழம் மாதிரி."

அவள் விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்தாள். "நான் காது வெச்சுக் கேக்குற நெஞ்சு எதுவும் இவ்வளவு சுத்தமா ஒலிக்கிறதில்ல. விட்டா துருவை விட நீங்க அதிகமாத் தின்னுடுவீங்க போலிருக்கே! நாளைக்குக் காலையில வண்டியை எடுத்துட்டுப் போறேன்."

"அந்தப் பின்சக்கரத்து ஓட்டை ஒண்ணு பாக்கிம்மா..."

"இன்னிக்கே அடைச்சிடுங்க." அவர் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "இங்கேயே தனியாக் கிடக்காதீங்க. தங்கச்சி வீட்டுக்காவது போயிட்டு வாங்க."

வாசலில் குடையை விரிக்கப்போனவள் திரும்பிப் பார்த்தாள். "தனியா இல்லையோ? வண்டிக்கு உள்ளே யாரோ தட்டுறாங்களே."

"மழைம்மா" என்றார் அவர்.

அவள் போன பிறகுதான் கவனித்தார். மழை நின்றிருந்தது.

ஓட்டைக்கு அளவாக வெட்டிய தகடு தயாராகச் சாய்ந்திருந்தது. அதை வைத்து மூடினால் முடிந்தது. சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு ஓட்டையின் முன் மண்டியிட்டார்.

"போயிடுவியாடா?"

ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மூட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கையுறையைக் கழற்றி உள்ளே கைவிட்டார். மணிக்கட்டு, முழங்கை, தோள். கன்னம் தகட்டோடு ஒட்டியது. ஈரத்துரு விரலில் மாவாக உதிர்ந்தது. உள்ளே எதிர்பார்த்ததைவிட ஆழம்.

ஒரு கை அவர் கையைப் பற்றியது.

சில்லென்று இருந்தது. "தம்பி" என்றார். கட்டைவிரலால் அந்த வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார், சின்ன வயதில் கூட்டத்தில் அவன் கையை இறுக்கிப் பிடித்ததைப் போல. சுண்டுவிரல். அதற்கடுத்தது. நடுவிரல்.

ஆள்காட்டி விரல்.

முழுசாக இருந்தது. நகத்தோடு.

கையை இழுத்தார். வரவில்லை. இழுத்தார். பிடி இறுகியது.

உள்ளங்கையில் கனமாக ஏதோ வைக்கப்பட்டது. இரும்பு. வழுவழுப்பு. கண்ணை மட்டும் திருப்பி மேசையைப் பார்த்தார். உப்புத்தாள் துண்டுகள். நடுவே வெறும் இடம்.

அவர் விரல்கள் கட்டையைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கப்பட்டன. கட்டை தகட்டோடு அணைந்தது.

தரையில் வைத்த சுத்தியல் தரையில் இல்லை.

ணங்.

காதுக்கு ஒரு முழம் தள்ளி. பட்டறையில் யாரும் இல்லை. விளக்கின் கீழே சுத்தியல் மட்டும் ஏறியது, இறங்கியது.

ணங்.

பதமான அடி. நிதானம். கற்றவன் அடி.

அவர் கையைப் பிடித்திருந்த கை, கட்டையால் தகட்டை உள்ளிருந்து தட்டியது.

டொக். டொக்.

சுத்தியல் அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. ஓங்கியது. அந்த இடத்தில், தகட்டின் மேல், அவருடைய கன்னம் இருந்தது.