முத்துச்சரம் தொட்டால்

கூண்டில் ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. பதினோரு வருடமாகக் கடல் மீன்பண்ணைக்கு வந்ததும் டூருன் முதலில் கேட்பது சால்மன் மீன்கள் எகிறி விழும் சத்தத்தைத்தான். இன்று காற்றின் முனகலும், மிதவைகள் ஒன்றோடொன்று உரசும் கிறீச்சொலியும், தீவன எண்ணெயின் கவிச்சையும் மட்டுமே இருந்தன. காலை மணி பத்து. டிசம்பரில் சூரியன் எழாத கரை அது. அந்திபோல மங்கிக் கிடந்தது.

"வலை கிழிஞ்சிருக்கும், பாத்துட்டு வரேன். காப்பிய ஒருத்தியே குடிச்சுத் தீத்துராத, டூருன்," என்று தம்பி ஹால்வார் நீருக்குள் இறங்கினான்.

நான்கே நிமிடம். அவன் இடுப்புக் கயிறு அவள் கையில் விடாமல் வெடுக்வெடுக்கென்று இழுபட்டது. அடித்துப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினாள். ஏறியதும் முக்குளிப்பு முகமூடியைப் பிய்த்தெறிந்தான். நெற்றி, கன்னம், உதடு எங்கும் கண்ணாடி மணி கோத்ததுபோல வெளுத்த இழைகள். முத்துச்சரம். ஜெல்லிமீனுக்கு உறவான உயிரி, வலைக்கண்ணில் அறுபட்டுத் துண்டுதுண்டாகக் கூண்டுக்குள் நுழைந்து மீன்களைக் கொல்வது.

"எரியுது... எடு... எடுத்துரு..."

அவள் கை தானாகக் குழாயைத் திறந்தது. கடலைவிட்டு ஏறுவது பூட்ஸோ கயிறோ ஆளோ, மீன்களுக்கு நோய் தொற்றாமலிருக்க நல்ல தண்ணீரில் கழுவுவது பண்ணைப் பழக்கம். முகத்தில் பீய்ச்சினாள்.

ஹால்வார் அலறினான்.

"இன்னும் கொஞ்சம்டா, பொறுத்துக்கோ!"

மேலும் பீய்ச்சினாள். அப்போதுதான் முத்துச்சரம் பற்றி மீன் மருத்துவர் போன வருடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒவ்வொரு மணியிலயும் ஆயிரக்கணக்குல குட்டி உறைங்க. உள்ள சுருட்டி வச்ச ஊசி, விஷம். தொட்டா கொஞ்சம்தான் பாயும். நல்ல தண்ணி பட்டுச்சுன்னா, மிச்சமெல்லாம் பாஞ்சிரும். கடல்தண்ணி மட்டும் ஊத்துங்க."

குழாயை வீசினாள். வாளியில் கடல்தண்ணீரை மொண்டு ஊற்றினாள். மறுபடி மொண்டாள்.

"மூச்சு விடு. ஹால்வார்! விடுடா!"

உதடு வீங்கியது. நாக்கு. தொண்டை. விசில்போல ஒரு மூச்சு. இன்னொன்று.

பிறகு இல்லை.

தன் கையாலேயே கொன்றுவிட்டாள். மண்டியிட்டுக் குனிந்தாள். திறந்திருந்த அவன் கண்ணின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. மெல்லச் சுருங்கியது. பிடித்த இரையை வாய்க்கு இழுக்கும் சுருக்கம்.

அந்தத் துண்டுக்கு வாயே இல்லை.

இருந்தும் இழுத்தது. இமை இழுபட்டது. கண் அவள் பக்கம் திரும்பியது.