கடைசி அடியில் ஒரு பெயர்

திருவிடந்தையில் அந்தப் பழைய வீட்டுக்குள் போனதும் நான் செய்த முதல் வேலை, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது. பிறகு அலமாரி, பிறகு குளியலறை. பாட்டில் எதுவும் இல்லை. இருந்தாலும் நான் நம்பவில்லை. குடிகாரனோடு குடும்பம் நடத்தியவள் எதையும் சட்டென்று நம்பமாட்டாள்.

என் வீட்டுக்காரர் ஜெபசிங் சிறுசேரி கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார், கானாவும் பாடுவார். ஈஸ்டரிலிருந்து குடியைத் தொடவில்லை. இனி ஒரு சொட்டு பட்டாலும் ஈரல் தாங்காது என்று செங்கல்பட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த லட்சணத்தில் ஒரு குடிப்பாட்டைப் பாடிப் பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தான் அவர் கூட்டாளி கேசவன். எழுதியது அவன் அண்ணன் வரதன். இதே வீட்டில் குடித்தே செத்தவன்.

கடல் சத்தம் பதிவில் விழாமல் இருக்க, ஜன்னல்களில் மெத்தைகளைச் சாத்தியிருந்தான் கேசவன். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஜெபசிங் ஆரம்பித்தார்.

"ஒத்தையில குந்திகினு இன்னா மாமா யோசன,
ஒரு மொடக்கு முத்தந்தானே, யாரு வந்து கேக்கப்போறா..."

சாராயமே பெண்ணாகிக் கூப்பிடும் அந்தப் பாழாய்ப்போன பாட்டு அவ்வளவு இனிப்பாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எந்தச் சக்களத்தியும் இப்படிக் கூப்பிடமாட்டாள்.

பிராந்தி வாடை வந்தது.

ஓடிப்போய் அவர் வாயை முகர்ந்தேன். இல்லை. கேசவனிடமும் இல்லை.

"கடைசி அடில எங்கண்ணன் பேரு கீது. அத்த எட்துட்டு உம் பேரப் போட்டுக்க, மச்சான்," என்றான் கேசவன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டுக் கானாவில்தான் செத்தவன் பெயரைக் கடைசியில் வைத்துப் பாடுவார்கள்.

"இன்னாங்க, பேரு வாணாம். அந்த எடத்த சும்மா உட்ருங்க," என்றேன்.

கேசவன் சிரித்தான். "சும்மா உட்டா பாட்டு உடாது, தங்கச்சி. அதுவா ஒரு பேர இட்டாந்து குந்த வச்சிக்கும்."

ஜெபசிங் என் பேச்சைத்தான் கேட்டார். பெயர் வரவேண்டிய இடத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றி வேர்த்தது. முடிந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதார்.

"தப்பிச்சேன் ஜாய்ஸ். குடிக்கணும்னு தோணவே இல்ல."

கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

கேசவன் பதிவைப் போட்டுக் காட்டினான். மூன்று பேரும் குனிந்து கேட்டோம்.

கடைசி அடி வந்தது.

அந்த இடம் காலியாக இல்லை.

ஒரு பெண்குரல், வாய்க்குள் சிரித்துக்கொண்டே, "ஜாய்ஸ்" என்றது.

"நீயா சொன்னே?" ஜெபசிங் மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். தொண்டை காய்ந்துபோயிருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முழுவதையும் குடித்தேன். கேசவன் கொடுத்ததையும் குடித்தேன்.

அடங்கவில்லை.

ஒரு சொட்டுச் சாராயம்கூட வாயில் வைத்திராதவள் நான். எனக்கு வேண்டியது தண்ணீர் இல்லை என்று எனக்கே தெரிந்தது.