வைக்கோலுக்கு இடம்

கூடை இல்லாமல் பிறந்த வீட்டுக்குப் போனால் எங்கள் கபீலிய மலையில் கோழிகூடச் சிரிக்கும், கண்ணுகளா. அதனால்தான் மல்ஹா அறுபது முட்டைகளை அவித்து, எண்ணெயில் பொரித்த அப்பங்களோடு நெருக்கி அடுக்கி, கூடையைத் துணியால் மூடிக் கட்டினாள்.

அல்ஜியர்ஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனவள், நாலு வருடமாக ஊர்ப்பக்கமே வரவில்லை. அவள் பிறந்த தெருவில் இருபது வீடுகள். வீட்டுக்கு மூன்று முட்டை.

"ஒரு வீடு விட்டுப்போச்சுன்னாலும், மல்ஹா நம்மள மறந்துட்டான்னு சொல்வாங்க," என்று வேனில் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"இதோட ஏழு தடவை சொல்லிட்டம்மா," என்றாள் பத்து வயது மகள் தனினா.

முன் இருக்கையில் தாவுஸ் என்ற பெண் இருந்தாள். அவளும் கூடையோடு அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறாள். எங்கள் மலையில் எல்லாக் கூடைக்கும் ஒரே மாதிரி சிவப்பு மஞ்சள் கோடு போட்ட துணிதான். கீழூர்த் திருப்பத்தில் அவள் இறங்கியதும், ஓட்டுநர் ரெஸ்கி வேனின் கூரையிலிருந்து கைக்கு அகப்பட்ட கூடையை எடுத்துக் கொடுத்தார்.

மேலூரில் இறங்கியதும் மல்ஹாவைச் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கன்னத்தை ஒருவர் விட்டால் மறு கன்னத்தை இன்னொருவர் பிடித்தார். கூடை தனினாவின் கைக்கு வந்தது.

நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். அறுபது முட்டை இவ்வளவு லேசாகவா இருக்கும்? துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டே முட்டைகள். அதற்குக் கீழே, அடிவரைக்கும் வைக்கோல்.

பாவம் தாவுஸ், அவளிடம் இருந்தது அவ்வளவுதான். கூடை நிறைந்து தெரியட்டும் என்று வைக்கோல் வைத்திருக்கிறாள். தனினா துணியை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

வாசலில் மாமாவின் மனைவி ஜெஜிகா கை நீட்டிக்கொண்டு நின்றாள். கூடையைத் திறப்பது அந்த வீட்டுப் பெண்ணின் உரிமை.

"கொண்டாடி ராசாத்தி. உங்கம்மா நாலு வருஷத்துக்கும் சேத்து என்ன கொண்டாந்திருக்கான்னு பாப்போம்."

"இது நம்ம கூடை இல்ல அத்தை. வேன்ல மாறிடுச்சு."

மல்ஹாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வந்தவங்களுக்கெல்லாம் என்னத்தக் குடுப்பேன்?"

"யாரோடதுன்னு திறந்து பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது," என்று ஜெஜிகா முடிச்சில் கை வைத்தாள்.

தனினா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அடுத்தவங்க கூடை அத்தை. அவங்க அண்ணிதான் திறக்கணும். இப்பவே ஓடிப்போய் மாத்திட்டு வந்துடறேன்."

கீழூர் கால்மணி நேர இறக்கம்தான். அங்கே அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த அத்திமரத்தடியில் தாவுஸ் உட்கார்ந்திருந்தாள். இன்னும் உள்ளேயே போகவில்லை.

"தூக்கினதுமே தெரிஞ்சுபோச்சு," என்றாள். "உள்ள போய் என்னன்னு சொல்றது? மாறிடுச்சுன்னு சொன்னா, என்னோடது எங்கேன்னு கேப்பாங்க. உங்க வீட்ல திறந்துட்டாங்களா?"

"இல்ல சித்தி. நான் மட்டுந்தான் பாத்தேன்."

தாவுஸ் தலையைக் குனிந்துகொண்டாள். தனினா தாவுஸிடம் இருந்த தன் கூடையை அவிழ்த்து, உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

"பாருங்க, எங்கம்மா அடைச்சு வச்சதுல ரெண்டு நசுங்கிடுச்சு. உங்களோடதுல ஒரு கீறல் இல்ல. எனக்குக் கொஞ்சம் வைக்கோல் தாங்க சித்தி."

"வைக்கோலா?"

"மேலூர் ஏத்தம் உங்களுக்குத் தெரியாதா? நான் ரெண்டு தடவையாவது விழுவேன்."

தாவுஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கடி வைக்கிறது? கூடைதான் வழியுதே."

"இடம் பண்ணணும். கொஞ்சம் முட்டைய நீங்க எடுத்துக்கங்க."

தாவுஸின் சிரிப்பு நின்றது. "என்ன, பாவம் பாக்கறியா?"

"வைக்கோல் கேக்கறவ நான்தானே சித்தி?"

"உங்கம்மா திட்டினா?"

தனினா கொஞ்சம் யோசித்தாள். "திட்டினாலும் திட்டும். ஆனா எல்லா வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு வரும். யாரும் விட்டுப்போகாது."

நசுங்கிய இரண்டையும் ஆளுக்கு ஒன்றாகத் தின்றார்கள். அப்புறம் பதினேழு முட்டைகளும் கை நிறைய அப்பங்களும் அந்தக் கூடைக்குப் போயின. பாதி வைக்கோல் இந்தக் கூடைக்கு வந்தது. தாவுஸ் அவள் தலையை ஒருமுறை அழுத்தித் தடவிவிட்டு, முன்வாசல் பக்கம் நடந்தாள்.

தனினா மூச்சு வாங்க மேலூருக்கு ஏறி வந்தபோது, தெருவே மாமா வீட்டில் கூடியிருந்தது. ஜெஜிகா துணியை அவிழ்த்தாள்.

"இது என்னடி கூத்து, முட்டைக்கு மெத்தை போட்டிருக்கு?"

மல்ஹா வைக்கோலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தனினா கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அல்ஜியர்ஸ்ல அப்படித்தான் அண்ணி," என்றாள் மல்ஹா. "அங்க முட்டைகூடச் சொகுசாத்தான் பயணம் பண்ணும்."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு இரண்டு முட்டை, ஒரு அப்பம். இருபது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கூடையில் ஒரே ஒரு முட்டை மிஞ்சியது.

கூட்டம் கலைந்ததும் மல்ஹா மகளை அருகில் இழுத்தாள். "மூணு மூணுன்னு எண்ணித்தானே வச்சேன்?"

"ரெண்டு ரெண்டாக் குடுத்தும் யாரும் விட்டுப்போகலையேம்மா."

"அந்தத் தாவுஸ் தலை நிமிந்து அண்ணன் வீட்டுக்குள்ள போனாளா?"

"போனாங்க. அவங்க அண்ணி சந்தோஷத்துல போட்ட சத்தம் பாதி மலை வரைக்கும் கேட்டுச்சு."

மல்ஹா கூடைக்குள் கைவிட்டாள். மிஞ்சிய முட்டையை எடுத்து மகளின் நெற்றியில் 'டொக்' என்று தட்டினாள். அப்படியே உரித்து, பெரிய பாதியை அவள் வாயில் வைத்தாள்.