குழிச் சுண்ணாம்பு

பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து ஒரு முடியை இழுத்தெடுத்ததாக ஷிஃபானா காலையில் தொலைபேசியில் சொன்னபோது, றிஸ்வி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"உன்ட முடிதான். பால் குடுக்கக்குள்ள விழுந்திருக்கும்."

"என்ட முடி சுருட்டை. இது நேர்முடி. இழுக்க இழுக்க வந்திச்சு." மனைவியின் குரல் தாழ்ந்தது. "அவனுக்கும் ஏழாம் நாளே மொட்டை அடிச்சாச்சு. பாலும் குடிக்கிறானில்ல. ஆனா வயிறு கும்முண்டு கிடக்கு. சுவரையே பாத்துக்கொண்டு கிடக்கிறான்."

பின்னேரம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவன் வேலையில் இறங்கினான்.

ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய பங்களாவை யாரோ வாங்கி ஹோட்டலாக்குகிறார்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவர், சீமெந்து பூசினால் உள்ளிருக்கும் உப்பு வெளியேற வழியில்லாமல் வெடித்துக்கொண்டு வரும். அதனால் சுண்ணாம்புச் சாந்தை மெஷினால் அடித்தார்கள். முற்றத்தில் நின்று கூட்டாளி நிருபன் மெஷின் தொட்டிக்குள் சாந்தைக் கொட்டுவான். உள்ளே குழாயின் வாயைப் பிடித்து றிஸ்வி சுவரில் அடிப்பான். கடைசி அறை மட்டுமே மிச்சம்.

சுண்ணாம்பு அந்த வளவிலேயே கிடைத்தது. குசினிக்குப் பின்னால், துருப்பிடித்த தகரங்களின் கீழ் ஒரு குழி. பாசி பிடித்த தண்ணீருக்கு அடியில், விளிம்பு வரை, வெண்ணெய் போலச் சுண்ணாம்பு. காற்றுப் படாமல் தண்ணீருக்குள் கிடந்தால் நீற்றிய சுண்ணாம்பு இறுகாது. பழசாகப் பழசாகத் தரம் கூடும். "புதையலடா மச்சான்!" என்று நிருபன் துள்ளினான். சுண்ணாம்பு வேலை தெரிந்த எவனும் அப்படித்தான் துள்ளியிருப்பான். யார் நீற்றியது, ஏன் பாவிக்காமல் மூடிவிட்டுப் போனார்கள் என்று இருவரும் கேட்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில், பிள்ளை பிறப்பதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு மெஷினையும் சுண்ணாம்பையும் லொறியில் ஏற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய், றிஸ்வி தன் வீட்டு அறைக்கும் அடித்தான். சுண்ணாம்புச் சுவர் குளிர்ச்சி, பூச்சி அண்டாது. நாற்பது நாள் கழியும்வரை தாயும் பிள்ளையும் அந்த அறைக்குள்தான் இருக்க வேண்டும்.

இன்றைக்கு மணம்தான் முதலில் வந்தது. நல்ல சுண்ணாம்புக்கு மழை நனைத்த கல்லின் மணம். இதுவோ, இறைச்சிக்கடை வெட்டுக்கட்டையைக் கழுவாமல் வெயிலில் போட்டது போல, முகக்கவசத்தையும் தாண்டி மூக்கின் உள்தோலில் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்கும்போதெல்லாம் தொண்டை வரை இறங்கியது. வழமையாக மணல் உரசும் சத்தத்தோடு சுவரில் படியும் சாந்து, இன்று ஈரத்துணியால் அறைவது போலச் சளார் சளார் என்று விழுந்தது. கவசத்தை ஒதுக்கி மூச்சு வாங்கிய நேரம் ஒரு சொட்டுத் தெறித்து உதட்டுக்குள் போனது. சுண்ணாம்பு நாக்கைச் சுட வேண்டும். இது சுடவில்லை. இளஞ்சூடாக, கொழுப்பாக, இலேசாக இனித்தது.

துப்பினான். திரும்பத் திரும்பத் துப்பினான்.

அப்போது குழாய் அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தச் சொல்லி, அழுத்தத்தை இறக்கி, குழாய் வாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். வழுவழுவென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். முடி.

"நிருபன்! ஆட்டு முடி போட்டனீயா?"

பூச்சு வெடிக்காமலிருக்கச் சாந்தில் ஆட்டு முடி கலப்பதுண்டு. நிருபன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான்.

"நான் ஒண்டும் போடேல்ல. முடி கொண்டு வாறவன் வரேல்ல எண்டு சொன்னனான்தானே." அவன் சிரித்தான். "எந்த ஆடு மச்சான் முழ நீளத்துக்கு முடி வளக்குது? தலைக்கு எண்ணெய் வைக்கிற ஆடோ?"

றிஸ்வி இன்னும் இழுத்தான். மிச்சமும் வந்தது, வெள்ளைச் சாந்து வழிய, நுனியில் சவ்வு போல ஒன்று தொங்க.

அது சடையாகப் பின்னியிருந்தது.

நிருபனின் சிரிப்பு நின்றது. ஓடிப்போய் முற்றத்து மூலையில் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

றிஸ்வி பின்வாங்கினான். முதுகு எதிர்ச்சுவரில் பட்டது. நேற்று அடித்த சுவர். இதற்குள் மேலே பொருக்குக் கட்டியிருக்க வேண்டும். மெத்தென்று இருந்தது. திரும்பிப் பெருவிரலால் அழுத்தினான். விரல் புதைந்தது. எடுத்ததும் குழி மெல்ல மேலெழுந்து மூடிக்கொண்டது. அழுத்திய இடம் சிவந்தது. கிட்டப் போய்ப் பார்த்தான். சின்னச் சின்னத் துவாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூனைமுடி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளி வியர்வை.

இது நேற்றைய பூச்சு.

வீட்டுச் சுவருக்கு அடித்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

கைகள் வழுக்கின. தொலைபேசியைச் சட்டையில் துடைத்துத்தான் அழுத்த முடிந்தது.

"புள்ளையத் தூக்கிக்கொண்டு வெளிய போ, ஷிஃபானா! இப்பவே!"

"ஏன் கத்துறீங்க? இப்பதான் நல்லாக் குடிக்கிறான்." அவள் குரலில் நிம்மதி, நித்திரை மயக்கம் போல ஒரு நிம்மதி.

"உன்னிட்டயா குடிக்கிறான்?"

சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. ஈரமான, அவசரமில்லாத சத்தம்.

"கட்டில சுவரோட தள்ளிப் போட்டிருக்கன்," என்றாள். "அழுகையே இல்ல. மெதுவா வாங்க."

மோட்டார் சைக்கிள் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. கடல் காற்று முகத்தில் அடித்தது. ஆனாலும் மணம் போகவில்லை. பல்லிடுக்கில் ஏதோ நெருடியது. நாக்கால் தள்ளினான். முடி. துப்பவில்லை, வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

வீடு. வாசல் திறந்திருந்தது. விளக்குப் போடவில்லை.

அறைக்குள் வெக்கை. குளிர்ச்சிக்காகப் பூசிய அறை. அதே மணம்.

"சத்தம் போடாதீங்க," ஷிஃபானா கிசுகிசுத்தாள். சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். அவளுடைய தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று இருட்டில் தெரியவில்லை.

அவன் விளக்கைப் போட்டான்.

கட்டிலை ஒட்டிச் சுவர் புடைத்திருந்தது. வெள்ளையாக, நனைந்து, மேலும் கீழுமாக அசைந்தது. பிள்ளை அதில் வாயை வைத்திருந்தான். அவன் ஒருமுறை விழுங்கினான். சுவர் ஒருமுறை விழுங்கியது.

"மகன்," என்றான் றிஸ்வி.

பிள்ளை வாயை எடுத்து, வாப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பல்லில்லாத ஈறுகளில் வெள்ளை வழிந்தது. உதட்டிலிருந்து ஒரு நீளமான முடி, தளர்ந்து தொங்கி, புடைப்புக்குள் போனது.

முடி மெல்ல இறுகியது.

மொட்டைத் தலை, சிரித்த முகத்தோடு, சுவரை நோக்கி நகரத் தொடங்கியது.