காட்டுக்கொடி

டொக்.

உப்பளம் பகுதியிலிருந்த சுற்றுலா அலுவலகத்தில் மாலை ஐந்தரை மணிக்கு, அடுத்த அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சுடர்விழி கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். கசாப்புக்கடைக் கட்டையில் கத்தி இறங்குவதுபோல, ஈரமாக, அவசரமே இல்லாமல் மறுபடியும் கேட்டது. பச்சை மரத்தை வெட்டிய வாசனையும் அதற்கடியில் லேசான கவிச்சியும் கதவிடுக்கு வழியாக வந்தன.

பக்கவாசல் சாவி வழிகாட்டி விக்டரிடம் மட்டும்தான் உண்டு. அரியாங்குப்பம் தாண்டி அவர் சுற்றிக்காட்டும் கோயில்காட்டில் ஊர்க்காரர்கள் ஒரு சுள்ளியைக்கூட ஒடித்ததில்லை. அதை மனைகளாக்கப் பார்த்தவர்களைத் தடுக்கத்தான் அவள் ஊரோடு சேர்ந்து சுற்றுலா நடத்தினாள். ஊர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: உள்ளே கத்தி படக்கூடாது. ஆனால் பாதையின் குறுக்கே தொங்கிய தொடை தடிமன் கொடி, வருகிறவர்கள் தலையில் எல்லாம் இடித்தது. "ஊருக்குத் தெரியாம வெட்டிடுங்கண்ணா" என்று விக்டரிடம் சொன்னவள் அவள்தான். இன்று காலை அவர் வெட்டினார், அவள் இழுத்துப் பிடித்தாள். கொடியின் பால் இருவர் மேலும் தெறித்தது.

கைபேசி அடித்தது. ஊர்க் கமிட்டித் தணிகாசலம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"விக்டரு அங்க வந்தாராம்மா?"

"ஏங்கய்யா?"

"மத்தியானம் காட்டச் சுத்திக்காட்டக் கூட்டியாந்த ரெண்டு பேர வெட்டிப்புட்டாரும்மா. கொடிய எடுக்கறேன், கொடிய எடுக்கறேன்னு கத்திக்கிட்டே நெஞ்சப் பொளந்து, உள்ள கைய வுட்டுத் தேடியிருக்காரு. நீ மொதல்ல வெளிய போயிடு."

முன்கதவுக்குப் போக அந்த அறையைக் கடந்தாக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

விக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கால் மரமுக்காலி மேல் நீட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்புவரை பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் விரலை விட்டு, வெள்ளையாக, ஈரமாக, நீளமாக எதையோ உருவி உருவிப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கல சுடர்மா," என்றார். "வெட்ட வெட்டத் தழையுது."

ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது. வெளியே வெளிச்சம். வண்டிகள். கோயில் மணி.

தொண்டையில் ஏதோ ஊர்ந்தது.

இருமினாள். போகவில்லை. கழுத்தைத் தொட்டாள். தோலுக்கடியில் மெல்லியதாக, கெட்டியாக ஒன்று முறுக்கிக்கொண்டு ஏறியது. காதை நோக்கி. பிறகு இறுக்கியது. மூச்சு நின்றது. படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

விக்டர் காலை இறக்கிவிட்டு, முக்காலியை அவள் பக்கம் தள்ளினார். கத்தியைச் சட்டையில் துடைத்தார். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, மண்டியிட்டுக் கன்னத்தை முக்காலிப் பலகையில் வைத்தாள். அவர் ரத்தம் சூடாக ஒட்டியது.

"அசையாம இரும்மா."

கத்தி மேலே போனது. அவள் கழுத்துக்குள் ஊர்ந்த கொடி ஒரு கணம் நின்றது.

நின்று, ஓர் இலையை விரித்தது.