தன்னை வரையாத பரவல்வரைவி

பதினோரு ஆண்டுகளாக முத்துத்துறையில் எந்த நோயும் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதில்லை. நகராட்சி வாசலில் நின்ற பரவல்வரைவியைக் காட்டித்தான் ஊரார் விருந்தாளிகளிடம் பெருமை பேசுவார்கள். வாரம் ஒருமுறை அதன் தட்டில் உள்ளங்கையை வைத்தால் போதும். உடம்பிலுள்ள கிருமியை அறிந்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று திரையில் கோடு போட்டுவிடும். தட்டம்மை ஒரே ஆளிடமிருந்து பதினைந்து பேருக்குச் சிதறும். காலரா குடிநீர்க் குழாயை ஒட்டியே ஓடும். டெங்கு, கொசு பறக்கும் தூரத்துக்குள் வீடு வீடாகத் தாவும். கோட்டைப் பார்த்ததுமே நோயின் பெயரைச் சொல்லிவிடுவாள் தொற்றியல் அதிகாரி இக்னேஷியா. கருவியை வடிவமைத்தவளே அவள்தான்.

அந்த ஆடியில் வந்த கண்நோய்க்கு மட்டும் வடிவம் இல்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத முந்நூறு பேருக்குக் கண் சிவந்தது. சிலருக்குப் பார்வை மங்கியது. அதிகம் பேர் மீனவர் குடியிருப்பில் இருந்ததால், அதை அடைத்துவிட ஆணையர் உத்தரவு எழுதினார்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்," என்றாள் இக்னேஷியா.

படகுச் சங்கத் தலைவர் சூசையாவோடு தெருத்தெருவாக நடந்தாள். கண் சிவப்பதற்கு முந்தைய வாரம் எங்கெல்லாம் போனார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பென்சிலால் எழுதினாள். சந்தை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறின. ஓர் இடம் மாறவில்லை.

"எல்லாரும் கை வைக்கத்தானம்மா போயிருக்காவ," என்றார் சூசையா. "எங்க ஆளுவ ஒரு வாரங்கூடத் தவற மாட்டாவ."

ஓடிப்போய்த் தட்டைப் பஞ்சால் துடைத்துச் சோதித்தாள். கிருமி அதில் உயிரோடு இருந்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் தொடுவதைத்தான் கருவி எண்ணியது. தன்னைத் தொடுவதை எண்ண அவள் கற்றுத்தரவில்லை.

"ஊரோட பெருமைம்மா அது," என்றார் ஆணையர். "அதுல குத்தம்னா உங்க பேரும் கெட்டுப்போகும்."

"கெடட்டும் சார். கண்டுபிடிச்சதும் நான்தானே."

ஆணையர் உத்தரவைக் கிழித்தார். இக்னேஷியா மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு வாசலுக்கு வந்தாள். நோய்ப் பயத்தில் வரிசை கடைத்தெரு வரை நீண்டிருந்தது.

"இதச் செஞ்சவ நான். தப்பும் என்னுது. இதுலருந்துதான் பரவுது. யாரும் தொடாம வீட்டுக்குப் போங்க."

யாரும் நகரவில்லை. முன்னால் நின்ற மீன்காரப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதினோரு வருசமா எங்க உசுரக் காப்பாத்துனது. அதப் போயி குத்தம் சொல்லுதிய."

அணைந்து கிடந்த தட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு, அதே கையால் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.